ஆர்ஜே ஆகணும்னு கேக்குற தம்பி தங்கச்சிகளுக்கு

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிற பசங்க இன்பாக்ஸ்ல வந்து கேக்குறது பெரும்பாலும் ஒண்ணுதான், அண்ணா ஆர்ஜே ஆகணும், என்ன பண்ணலாம்னு. ஷோ புரொட்யூசர் ஆகணும்னு யாரும் கேக்குறதே இல்ல. எனக்கு இது நெஜமாவே வருத்தம், ஏன்னா நல்ல ஆளு கிடைக்காம எல்லாரும் தேடுற இடம் அதுதான்.

காலை ஷோவயே எடுத்துக்கோங்க. ஒரு மணி நேரத்துல ஆர்ஜே பேசுறது கொஞ்ச நிமிஷம்தான், மிச்சமெல்லாம் பாட்டு, விளம்பரம், ஜிங்கிள். அந்தக் கொஞ்ச நிமிஷத்துல என்ன பேசணும், எந்த நேயரோட ஃபோன் கால ஏர்ல விடணும், எத வெட்டணும், ஸ்பான்சர் பேரு எந்த லிங்க்ல (ரெண்டு பாட்டுக்கு நடுவுல ஆர்ஜே பேசுற இடம்) வரணும்னு முந்தின நாளே உக்காந்து யோசிக்கிறது புரொட்யூசர். தனியார் எஃப்எம்ல சொந்தமா செய்தி தயாரிச்சு வாசிக்க முடியாது, ஆகாசவாணி செய்திய மாத்தாம அப்படியே போடலாம், அவ்வளவுதான். ஆனா ட்ராஃபிக், வானிலை, கரண்ட் கட், தண்ணி சப்ளை, பரீட்சை ரிசல்ட், நிர்வாகம் குடுக்குற வெள்ள எச்சரிக்கை இதெல்லாம் சொல்லலாம். சென்னைல மழை கொட்டுற அன்னிக்கு அந்த எல்லைக்குள்ள நின்னுகிட்டே ஜனங்களுக்கு உபயோகமா ஒரு ஷோ நடத்துறதுக்கு எவ்வளவு மூளை வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

மேடைல நடக்குற லைவ் ஷோவும் இதே கதைதான். 2023 செப்டம்பர் 10, ஈசிஆர்ல ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரி. கைல டிக்கெட் வச்சிருந்தவங்களே உள்ள போக முடியாம நெரிசல்ல தவிச்சு திரும்பிப் போனாங்க, ரோடே ஸ்தம்பிச்சுது. மேடைல எவ்வளவு பெரிய கலைஞர் இருந்தாலும் எந்த கேட்ல எவ்வளவு கூட்டம், வண்டிய எங்க நிறுத்துறது, டாய்லெட் எங்க, ஆம்புலன்ஸ் எந்த வழியா வெளிய போகும்னு கணக்குப் போட ஆளு வேணும்ங்க. போலீஸ் அனுமதி, ஜெனரேட்டர், சவுண்ட் செக், திறந்தவெளின்னா ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக்கூடாதுங்கற சட்டம், எல்லாத்தையும் ஒரே மண்டைல வச்சிருக்கணும். இத கிளாஸ்ரூம்ல யாராலயும் முழுசா சொல்லித்தர முடியாது.

அப்போ எங்க கத்துக்கறது? சமுதாய வானொலி, அதாவது சுத்தி இருக்குற ஜனங்களுக்காக லாப நோக்கம் இல்லாம நடத்துற சின்ன ரேடியோ. அண்ணா பல்கலைக்கழகத்தோட 90.4 எஃப்எம் தான் 2004ல நம்ம நாட்லயே முதல் கேம்பஸ் சமுதாய வானொலியா ஆரம்பிச்சுது. பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்துலயும் புதுவை வாணி இருக்கு. இந்த மாதிரி இடத்துல போய் ரெக்கார்டிங், எடிட்டிங், ஸ்கிரிப்ட், மீனவர்கிட்டயோ சுகாதார வேலை பாக்குற ஆஷா அக்காகிட்டயோ பேட்டி எடுக்கறது எல்லாத்தையும் நீங்களே செஞ்சு பாக்கலாம், பெரிய ஸ்டேஷன்ல ட்ரெய்னிகிட்ட கன்சோல (சவுண்ட கன்ட்ரோல் பண்ற மேசை) அவ்வளவு சீக்கிரம் குடுக்க மாட்டாங்க. காலேஜ் கல்ச்சுரல்ஸ் வந்தா ஆங்கரிங்குக்கு ஓடாம ரன் ஷீட் (எந்த நேரத்துல என்ன நடக்கணும்ங்கற பட்டியல்) போடற வேலைய கேட்டு வாங்குங்க.

சம்பளம் பத்தியும் சொல்லிடறேன், ஆரம்பத்துல கம்மிதான், வீட்ல திட்டுவாங்க. ஈவென்ட்ஸ்ல அதவிட மோசம், ஷோ முடிஞ்சு மாசக்கணக்குல பேமெண்ட்டுக்கு அலைய விடுவாங்க, என்னையும் அலைய விட்ருக்காங்க. அதனால தெரிஞ்சவங்க, அண்ணன் தம்பின்னு வாய்வார்த்தைல வேலைக்கு இறங்காதீங்க. என்ன வேலை, எத்தன நாள், எவ்வளவு பணம், எப்போ தருவாங்கன்னு ஒரு மெயில்லயாவது வாங்கிக்கோங்க, பாதி அட்வான்ஸ் கைக்கு வந்தப்புறம் வண்டி ஏறுங்க.