பேக்-12 (அமெரிக்கக் காலேஜ் டீம்கள் ஆடுற லீக்) இன்னும் சாகலைங்க
"பேக்-12 மூடியாச்சு, ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் ஆடத் தெரியாம கழட்டிவிடப்பட்டவங்க"ன்னு மேல ஒருத்தர் போட்டிருக்காரு, ரெண்டுமே தப்பு. ஆரிகன் ஸ்டேட் 2022ல அமெரிக்கன் ஃபுட்பால்ல 10 மேட்ச் ஜெயிச்ச டீம் பாஸ், பிரச்சனை ஆட்டம் இல்ல, டிவி காசு. அந்த வருஷமே லாஸ் ஏஞ்சல்ஸ் காலேஜுங்க யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்ங்கிற இன்னொரு லீக்குக்குப் போறோம்னு சொல்லிட்டாங்க, 2023ல இன்னும் எட்டு காலேஜ் மூட்டையக் கட்டிருச்சு, வாஷிங்டன் ஸ்டேட் இருக்கற புல்மன் மாதிரி குட்டி ஊரு டீமுக்கு எவன் காசு கொட்டுவான்? (அப்படிப் போன ஸ்டான்ஃபோர்டு, மேற்குக் கரைல இருந்துட்டு, கிழக்குக் கரை லீக்கான அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்ல ஆடுதாம், மேப்ப பார்த்தா சிரிப்புதான் வருது.) ஆனா ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் சும்மா இருக்கல, கோர்ட்டுக்குப் போய் 2023 கடைசில பேக்-12 போர்டு கன்ட்ரோலயே வாங்கி, 2026 சீசனுக்கு பாய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட்னு ஆளும் சேர்த்துட்டாங்க.