அந்த பிளேயரில் சிரிக்க என்ன இருக்கிறது?

அந்த வீடியோவை நான் இங்கே மறுபடியும் பகிரப் போவதில்லை. எப்படியும் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நான் எம்பி3 பிளேயர் பக்கம் பேசுகிறவன் என்பதால் சில பேர் என்னை டேக் செய்து, "உங்க கட்சிக்காரர் ஒருத்தர் மாட்டிக்கிட்டார்" என்று சிரிப்புப் பொம்மை வேறு போட்டிருந்தீர்கள். ரயிலில் ஜன்னலோரம் ஒரு பெரியவர். கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு எம்பி3 பிளேயர். அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறார், கட்டைவிரலால் தடவி ஒரு பட்டனை அழுத்துகிறார், பாட்டு கேட்க ஆரம்பிக்கிறார். அவ்வளவுதான். ஸ்பீக்கரில் சத்தமாக வைத்து யாரையும் தொந்தரவு செய்யவில்லை. எதிர் இருக்கையில் இருந்த ஒருவர் அவருக்குத் தெரியாமல் அதைப் படம் பிடித்து, "மியூசியத்துல இருந்து தப்பிச்சு வந்துட்டாரு" என்று எழுதிப் போட, அதற்கு இத்தனை கைதட்டல்.

எனக்கு ஒரே கேள்விதான். சிரிக்க அதில் என்ன இருக்கிறது?

பாட்டு கேட்க மட்டும் ஒருவர் ஒரு கருவி வைத்திருக்கிறார். கையில் போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அவர் விருப்பம். படிக்க மட்டும் கண்ணாடி வைத்திருப்பவரைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. நேரம் பார்க்க மட்டும் கைக்கடிகாரம் கட்டியவரைப் பார்த்தும் சிரிப்பதில்லை. பாட்டு கேட்க மட்டும் ஒரு கருவி என்றால் ஏன் சிரிப்பு வருகிறது?

"மியூசியம்" என்ற சொல்தான் எனக்கு ரொம்பக் கோபம் வரவழைத்தது. கையில் அடங்கும் முதல் எம்பி3 பிளேயர்கள் விற்பனைக்கு வந்தது 1998ல்தான். தென்கொரியாவின் எம்பிமேன், அதன் பின்னாலேயே அமெரிக்காவின் ரியோ. எம்பிமேனில் இருந்த இடம் 32 எம்பி. சுமாரான தரத்தில் அரை மணி நேரப் பாட்டு. 2001ல் ஐபாட் வந்தது, 5 ஜிபி, ஆயிரம் பாட்டு. அந்த ஐபாட் வரிசையை ஆப்பிள் நிறுத்தியதே 2022 மே மாதத்தில். சோனி இன்னும் வாக்மேன் என்ற பெயரில் டிஜிட்டல் பிளேயர் விற்றுக்கொண்டிருக்கிறது. புதிதாகச் செய்து விற்கிற ஒரு பொருளை ஒருவர் கையில் வைத்திருந்தால் அவர் மியூசியத்தில் இருந்து வந்தவரா?

என் அப்பாவுக்குப் பார்வை மங்கியது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். முதலில் எழுத்து போனது, அப்புறம் முகங்கள். தொடுதிரை போனில் எங்கே தொட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. முழுக்க ஒரே வழவழப்பு, விரலுக்குத் தட்டுப்பட எதுவும் கிடையாது. பாட்டு வைக்கப் போவார், யாருக்காவது கால் போய்விடும். வயதானால் விரல் நுனி உலர்ந்துபோகும். உலர்ந்த விரலைத் தொடுதிரை பல நேரம் உணர்வதே இல்லை. அழுத்தி அழுத்தித் தேய்ப்பார். கடைசியில் போனைக் கீழே வைத்துவிட்டு, "வேண்டாம், விடு" என்பார். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்கு அந்த "வேண்டாம், விடு" என்றால் என்ன என்று தெரியும்.

பட்டன் வைத்த ஒரு சின்ன பிளேயர் வாங்கிக் கொடுத்தேன். பிளே பட்டன் நடுவில் நெயில் பாலிஷை ஒரு சொட்டு வைத்து, அது காய்ந்த பிறகு அதன் மேலேயே இன்னொரு சொட்டு வைத்து, விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு சின்ன மேடு ஆக்கினேன். அந்த மேட்டில் கட்டைவிரலை வைத்தால் போதும். வலது பக்கம் நகர்ந்தால் அடுத்த பாட்டு, இடது பக்கம் முந்தைய பாட்டு, மேலே சத்தம் கூடும், கீழே குறையும். ஒரே நாளில் பழகிவிட்டார். அதற்குப் பிறகு பாட்டு கேட்பதற்காக அவர் என்னையோ அம்மாவையோ கூப்பிட்டதே இல்லை. தனக்கு எப்போது வேண்டுமோ அப்போது, தனக்கு எது வேண்டுமோ அது. ஒரு மனிதருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வீடியோவுக்குக் கீழே சிரித்தவர்கள் யாராவது ஒரு நிமிடம் யோசித்திருப்பார்களா? அந்தப் பெரியவர் பிளேயரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாரே, ஏன் என்று ஒருவருக்காவது தோன்றியதா?

"போனிலும் திரையைப் படித்துச் சொல்கிற வசதி இருக்கிறதே" என்று உடனே வருவீர்கள். இருக்கிறது. பார்வை இல்லாத பலர் அதைப் பிரமாதமாகப் பயன்படுத்துகிறார்கள், அவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு. ஆனால் எழுபது வயதுக்கு மேல் பார்வை போகிற ஒருவர் அத்தனை விரல் சைகைகளையும் கற்றுக்கொண்டுதான் ஒரு பாட்டு கேட்க வேண்டும் என்று சொல்ல நீங்கள் யார்? பட்டனை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஆப்பிளே பார்த்துவிட்டது. 2009ல் வந்த ஐபாட் ஷஃபிள் என்கிற திரை இல்லாத குட்டி பிளேயரில் பாட்டை மாற்றுகிற பட்டன்களைக் கருவியிலிருந்தே எடுத்து இயர்போன் வயரில் வைத்தார்கள். அடுத்த ஆண்டே பட்டன்கள் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தன.

சரி, உண்மையிலேயே ஒன்று வாங்க நினைத்து இந்தக் கேலிக்குப் பயந்து கேட்காமல் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். முதலில் பார்க்க வேண்டியது பட்டன். பாக்கெட்டுக்குள் கையை விட்டு, பார்க்காமலேயே பாட்டை மாற்ற முடிகிறதா? முடியாது என்றால் அது இன்னொரு போன்தான், வாங்காதீர்கள். பூட்டி வைக்க ஒரு ஹோல்டு சுவிட்ச் வேண்டும், இல்லாவிட்டால் பையில் உரசி உரசி தானே பாடி சார்ஜ் தீர்ந்துவிடும். கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் போலத் திறந்துகொள்ள வேண்டும். தனி மென்பொருள் போட்டால்தான் பாட்டு ஏறும் என்கிற எதுவும், அந்த மென்பொருளை அவர்கள் கைவிடுகிற நாளில் உங்களையும் கைவிடும். கதையோ பேச்சோ கேட்கிறவர் என்றால், நிறுத்தினால் மறுமுறை அதே இடத்தில் தொடங்குகிறதா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு மணி நேரப் பேச்சை ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்தில் இருந்து தள்ளிக்கொண்டு வருவது கொடுமை.

பலரையும் குழப்புவது பாட்டுகளின் வரிசை. மலிவான பிளேயர்கள் பலவும் பெயர் வரிசையைப் பார்ப்பதே இல்லை. எந்த ஃபைல் முதலில் கார்டில் எழுதப்பட்டதோ அது முதலில் பாடும். பெயர் வரிசை பார்க்கிறவையும் 2க்கு முன்னால் 10ஐக் கொண்டுவந்து நிறுத்தும். அதனால் 01, 02 என்று இரண்டு இலக்கமாக எண் போட்டு, ஒவ்வொரு போல்டராக, வரிசையாகக் காப்பி செய்யுங்கள். "பிளேயர் கெட்டுப்போச்சு, பாட்டெல்லாம் தாறுமாறா வருது" என்று வருகிற புகாரில் பெரும்பாலும் பிளேயர் மேல் தப்பே இருக்காது.

அடுத்தது மெமரி கார்டு. 128 ஜிபி என்று மேலே அச்சடித்து உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கிற போலி கார்டுகள் நிறைய உலவுகின்றன. காப்பி செய்யும்போது எல்லாம் ஒழுங்காகப் போவது போலத்தான் இருக்கும். கேட்கும்போதுதான் பாதிப் பாட்டு ஊமையாக இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. கார்டை முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும். வாங்கியவுடன் அதை ஓட விடுங்கள், பாட்டு அப்புறம். பெரிய கார்டு வேண்டும் என்ற அவசியமும் இல்லை. 128 கிலோபிட் என்கிற சாதாரணத் தரத்தில் இருக்கிற எம்பி3 பாட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பிதான். 32 ஜிபி கார்டில் 500 மணி நேரத்துக்கு மேல் பாட்டு பிடிக்கும். கார்டில் ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறைகளில் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்று இரண்டு உண்டு. சின்ன பிளேயர்கள் பல ஃபேட்32 முறையில் இருக்கிற கார்டை மட்டும்தான் படிக்கும். 32 ஜிபிக்கு மேலான கார்டுகள் எக்ஸ்ஃபேட்டில் வரும், போட்டால் "கார்டு இல்லை" என்று சொல்லும். இதையும் பிளேயர் தலையில்தான் கட்டுகிறோம்.

ஒலித் தரம் பற்றிச் சண்டைக்கு வருகிறவர்களுக்கு என் பதில் சின்னது. மலிவான பிளேயர் நல்ல போனை விட நன்றாகப் பாடும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. நல்ல இயர்போன் வாங்குங்கள், ஹெட்போன் ஜாக் இருக்கிற பிளேயராகப் பாருங்கள், போதும். சத்தத்தை மட்டும் கவனியுங்கள். வயது வந்தவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அதுவே 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்.

"கோடிக்கணக்கான பாட்டு செயலியிலேயே இருக்கும்போது இது எதற்கு?" இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் பெரிய வாதமாக நினைக்கிறீர்கள். நான் சந்தா கட்டிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு செயலியில், அப்பாவுக்கென்று நானே உட்கார்ந்து சேர்த்த பட்டியலில் பாதிப் பாட்டு ஒருநாள் சாம்பல் நிறமாகிவிட்டது. தொட்டால் பாடாது. உரிமம் முடிந்துவிட்டதாம். யாரிடம் போய்க் கேட்பது? காசு கட்டியது நான், தேடிச் சேர்த்தது நான், ஆனால் அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. என் பிளேயரில் இருக்கிற பாட்டை அப்படி யாராலும் எடுக்க முடியாது. நெட் இல்லாவிட்டாலும் பாடும், சந்தா கட்டாவிட்டாலும் பாடும், அந்தக் கம்பெனியே இழுத்து மூடினாலும் பாடும்.

உடனே "அப்போ திருட்டுப் பாட்டா?" என்று ஒருவர் வருவார். வழக்கமாக வருகிறவர்தான். நான் காசு கொடுத்து வாங்கிய சிடியில் இருந்து நானே எடுத்து ஏற்றிய பாட்டுகள் அவை. இதே சந்தேகத்தோடு அமெரிக்க இசைப்பதிவுத் துறையின் சங்கம் 1998ல் ரியோ பிளேயரை விற்பனைக்கே வர விடாமல் தடுக்க வழக்குப் போட்டது. 1999ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரியோ பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற பாட்டை, தான் கேட்பதற்காக வேறொரு கருவிக்கு மாற்றிக்கொள்வதில் குற்றம் காண முடியாது என்றது. அன்றைக்கே முடிந்துபோன பஞ்சாயத்து. அதற்காக இன்னும் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

இந்தக் கருவிகளில் எனக்கே பெரிய குறை ஒன்று உண்டு. தமிழ். பாட்டின் பெயரைத் தமிழில் எழுதி வைத்தால் திரையில் வெறும் கட்டங்கள் வரும், இல்லாவிட்டால் வரிசையாகக் கேள்விக்குறி. தமிழ் எழுத்து இருக்கிற சில கருவிகளில்கூட ஒற்றைக்கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து தனித்தனியாகத் தொங்கும். எத்தனை கோடிப் பேர் பேசுகிற மொழி! வேறு வழியில்லாமல் பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்றி வைக்கிறேன். அப்படி மாற்றும் ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கிறது. கேலி செய்யத்தான் வேண்டும் என்றால் இந்தக் குறையைக் கேலி செய்யுங்கள், இப்படிக் கருவி செய்தவர்களைக் கேளுங்கள். ரயிலில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிற பெரியவரை ஏன் பிடிக்கிறீர்கள்?

ராக்பாக்ஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. 2001ல் தன்னார்வலர்கள் தொடங்கியது. பழைய பிளேயர்கள் பலவற்றில் கம்பெனி போட்டுக்கொடுத்த மென்பொருளுக்குப் பதிலாக இதைப் போட்டுக்கொள்ளலாம். பார்வை இல்லாதவர்களுக்காக மெனுவைப் படித்துச் சொல்கிற வசதியை அதில் சேர்த்திருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல், முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களும் இருக்கிற உலகம்தான் இது. இங்கே ஒருவர் பட்டனைத் தடவித் தேடுவதைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வருகிறது என்றால் கோளாறு அந்த பிளேயரில் இல்லை.

"ஒரு சின்ன ஜாலி வீடியோவுக்கு இவ்வளவு சீரியஸா?" என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் கேட்டார். ஆமாம், சீரியஸ்தான். உங்கள் அப்பாவை ஒருவன் இப்படிப் படம் பிடித்துப் போட்டிருந்தால் ஜாலி என்று சொல்லியிருப்பீர்களா? அந்தப் பெரியவருக்கு ஒரு மகன் இருக்கலாம், மகள் இருக்கலாம். அந்த பிளேயரில் பாட்டு ஏற்றிக் கொடுத்தது அவர்களாக இருக்கலாம். அவர்கள் போனுக்கும் அந்த வீடியோ இந்நேரம் போயிருக்கும். பாட்டு கேட்க மட்டும் ஒரு கருவி வைத்திருந்தார், அதற்காக. திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் பலருக்குப் புரியவில்லை என்பதால்தான் சொல்கிறேன்.

பிளேயர் வாங்குவது பற்றிக் கேட்க நினைப்பவர்கள் தாராளமாகக் கீழே கேளுங்கள். யாருக்காக வாங்குகிறீர்கள், அவருக்குக் கண் எப்படி, கை நடுக்கம் உண்டா, பாட்டா பேச்சா என்பதையும் சேர்த்து எழுதினால் சரியாகச் சொல்ல முடியும். தெரிந்தவரை எல்லோருக்கும் பதில் எழுதுகிறேன். அந்த வீடியோவை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறவர்களை மட்டும் பிளாக் செய்துவிடுவேன், எத்தனை வருட நட்பாக இருந்தாலும்.