கோனா பிளெண்ட் என்றால் முழுக் கோனா அல்ல

நண்பரே, 'கோனா பிளெண்ட் பாக்கெட்டில் இருப்பது முழுக்க ஹவாய் எரிமலைச் சரிவில் விளைந்த காபி' என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. கோனா என்பது ஹவாயில் காபி விளையும் ஒரு பகுதி, பிளெண்ட் என்றால் கலவை. ஹவாய்ச் சட்டப்படி 10 சதவீதம் கோனா கொட்டை கலந்திருந்தாலே அந்தப் பெயரைப் போடலாம். மீதி எங்கிருந்தும் வரலாம். 2027 ஜூலையிலிருந்துதான் அது 51 சதவீதம் ஆகிறது.

இதில் அடிபடுவது கோனாவின் ஹுவாலாலாய், மௌனா லோவா எரிமலைச் சரிவுகளில் ஐந்து ஏக்கருக்கும் குறைவாக வைத்திருக்கும் குடும்பங்கள். அங்கே லாவாப் பாறை இடுக்கில் நிற்கும் செடியில் பழம் ஒரே நாளில் பழுக்காது. பச்சையை விட்டுவிட்டுச் சிவந்ததை மட்டும் கையால் பறிப்பார்கள். சில வாரம் கழித்து மறுபடி அதே செடிக்கு வருவார்கள். சுவைக்கு எரிமலை மண் மட்டுமே காரணமும் இல்லை, மதியத்தில் மேகம் கவிந்து தரும் நிழலும் சேர்ந்ததுதான். வாங்கும்போது '100 சதவீதம் கோனா' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.