வெளியூர் கோல் விதி சாம்பியன்ஸ் லீக்கில் இன்னும் இருக்கிறதா?

ஐரோப்பியக் கால்பந்தின் சாம்பியன்ஸ் லீக் போட்டியில், இரு அணிகளும் தத்தம் மைதானத்தில் ஒவ்வோர் ஆட்டம் ஆடும் நாக் அவுட் சுற்று வந்தாலே, "இரண்டு ஆட்டமும் சேர்ந்து சமனானால், எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. 2021 ஜூனில் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யுஇஎஃப்ஏ அந்த விதியை நீக்கியது. 2021-22 சீசனிலிருந்து அது நடைமுறையில் இல்லை. சமனானால் 30 நிமிடக் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி ஷூட்அவுட்.

2022 அரையிறுதியைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில், மான்செஸ்டரில், மான்செஸ்டர் சிட்டி ரியல் மாட்ரிட்டை 4-3 என வென்றது. மாட்ரிட்டில் 90-வது நிமிடம் நெருங்கும்வரை சிட்டி 1-0 என முன்னிலை. அப்போது ரியலின் ரோட்ரிகோ அடுத்தடுத்து இரண்டு கோல் போட, மொத்தம் 5-5. பழைய விதிப்படி, வெளியூரில் மூன்று கோல் அடித்திருந்த ரியல் மாட்ரிட் அங்கேயே இறுதிக்குப் போயிருக்கும். ஆனால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அதில் ரியலின் பென்சிமா அடித்த பெனால்டிதான் மொத்தம் 6-5 என முடித்துவைத்தது.

பகிரப்படும் செய்தி உதாரணம் காட்டுவதுபோல, அரையிறுதியில் டோட்டன்ஹாம் வெளியூர் கோலால் அயாக்ஸைத் தாண்டியது உண்மைதான். ஆனால் அது 2019, பழைய விதியின் காலம். அந்த ஆண்டு லிவர்பூல் பார்சிலோனாவை வென்றதும் இப்படித்தான் என்று அதே செய்தி சொல்வது சுத்தப் பொய்: 0-3, 4-0, மொத்தம் 4-3. அங்கே சமனே இல்லை.

ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் வேறு கதை. 2025 அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவின் மாமெலோடி சன்டவுன்ஸ், முதல் ஆட்டம் 0-0 ஆன பின், கெய்ரோவில் எகிப்தின் அல் அஹ்லியுடன் 1-1 என முடித்து வெளியூர் கோலால்தான் முன்னேறியது.