அமிரானியை அவன் பெயரிலேயே கூப்பிடலாமே

ஜார்ஜிய நாட்டுப் புராண வீரன் அமிரானியை, கிரேக்கப் புராணத்து டைட்டனோடு சேர்த்து "ஜார்ஜியாவின் புரோமிதியஸ்" என்று யாராவது அறிமுகப்படுத்தினால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். இரண்டு பேருமே காகசஸ் மலையில் சங்கிலியில் கிடப்பவர்கள்தான், சரி. அப்புறம்?

கி.மு. 700 வாக்கில் கிரேக்கக் கவிஞர் ஹெசியட் பாடியதில் புரோமிதியஸைக் கட்டியது ஒரு தூணோடு. காகசஸ் என்ற பேச்சே அதில் இல்லை. கிரேக்கக் கதைக்கு அந்த மலை பின்னால் வந்து சேர்ந்த முகவரி. அமிரானிக்கோ அது பிறந்த வீடு.

செய்த குற்றமும் வேறு. புரோமிதியஸ் மனிதர்களுக்காக நெருப்பைத் திருடினான். அமிரானி செய்தது வெறும் வீம்பு. எல்லா அரக்கர்களையும் அடித்து முடித்துவிட்டு, தன் ஞானத்தந்தையான கடவுளையே பலப்பரீட்சைக்குக் கூப்பிட்டான். கடவுள் ஒரு முளையை அடித்து "பிடுங்கு பார்க்கலாம்" என்றார். முளை பூமிக்குள் வேர்விட்டுப் பரவியது, அவ்வளவுதான், ஆள் சங்கிலியோடு அதில் சிக்கிக்கொண்டான். எனக்குப் பிடித்த இடம் இதற்கப்புறம் வருகிறது. வருடக்கணக்கில் ஆட்டி ஆட்டி முளையை வெளியே எடுக்கப் போகிற நேரத்தில், அதன் தலையில் ஒரு வாலாட்டிக் குருவி வந்து உட்காரும். கோபத்தில் சம்மட்டியை ஓங்குவான். குருவி பறந்துவிடும், அடி முளையில் விழும், மறுபடியும் உள்ளே. இந்த நையாண்டிக்குக் கிரேக்கக் கதையில் இணை கிடையாது.

அவன் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜார்ஜியாவின் ஸ்வானேதி மலைக்காரர்களுடைய வேட்டைத் தெய்வம் டாலி, பொன்கூந்தல்காரி, செங்குத்துப் பாறையில் குடியிருப்பவள், மலையாடுகளெல்லாம் அவள் மந்தை. இவளைக் கிரேக்க வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸோடு சேர்த்துவிடுவார்கள். ஆர்ட்டெமிஸ், தான் குளிப்பதைப் பார்த்துவிட்ட வேடன் ஆக்டியானை மானாக்கி அவன் நாய்களுக்கே இரையாக்கியவள். டாலி வேடர்களைக் காதலிப்பாள், வேட்டையும் கொடுப்பாள், சொல் தவறினால்தான் ஆபத்து. பெத்கில் என்ற வேடன் தவறினான். வெள்ளை ஆடு ஒன்று அவனை உச்சி வரை கூட்டிப் போனது. திரும்பிப் பார்த்தால் வந்த வழியைக் காணோம். ஒரு கையும் ஒரு காலும் மட்டும் பாறையில் ஒட்டியிருக்க அவன் தொங்கியதை ஸ்வான் மக்கள் வட்டமாகக் கைகோத்து ஆடிப் பாடுகிறார்கள்.

தங்கக் கம்பளத் தோல் கதையையும் நினைத்துக்கொள்ளுங்கள். கிரேக்கர்களுக்கு அது ஜேசனின் சாகசம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியபடி, ஆற்றில் அடித்து வரும் பொன்துகளை இந்தக் காகசஸ் மலைவாசிகள் ஆட்டுத்தோல் போட்டுப் பிடித்தார்கள். அவர்களுக்கு அது தொழில் சாமான்!

புரோமிதியஸின் கதையை ஹெராக்ளீஸ் என்ற வீரன் வந்து, அவன் ஈரலைத் தின்றுவந்த கழுகைக் கொன்று முடித்துவைத்தான். அமிரானியின் கதை முடியவில்லை. கூடவே கிடக்கும் அவன் நாய் குர்ஷா வருடம் முழுக்கச் சங்கிலியை நக்கி நக்கித் தேய்க்கும். அறுந்தால் அவன் பழிதீர்க்க முதலில் தேடி வருவது கொல்லர்களைத்தான் என்பார்கள். அதனால் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று கொல்லர்கள் பட்டறைக்குப் போய், இரும்பு எதுவும் வைக்காமல், வெறும் பட்டடைக் கல்லில் சுத்தியலால் மூன்று முறை அடித்துவிட்டு வருவார்கள். சங்கிலி மறுபடி தடித்துக்கொள்ளும்.