அந்த அம்புக்குறியில் ஓடுவது கரண்டா, சிக்னலா?

ஒரு கருவியின் பாகங்களையும் அவற்றின் தொடர்புகளையும் விவரிக்கிற மாடலிங் மொழி என்றாலே படம் வரைகிற சமாச்சாரம் என்ற நினைப்பு நம்மிடம் நன்றாக ஊறிவிட்டது. பல பாகங்கள் சேர்ந்த அமைப்பை முழுதாகப் பார்த்து வடிவமைக்கிற சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்குக்கான பொது மொழியான சிஸ்எம்எல்லின் (SysML) இரண்டாம் பதிப்பு 2025-ல் ஏற்கப்பட்டது. நான் இருக்கிற வாட்ஸ்அப் குழுக்களில் அதைப் பற்றி வந்த முதல் கேள்வி, "புது டயகிராம் என்னென்ன இருக்கு?" என்பதுதான். படத்தோடு கூடவே எழுத்திலும் மாடலைச் சொல்லலாம் என்று ஆனதாக்கும் அதில் பெரிய விஷயம். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

எங்கள் குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரிக்கு இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைவா எடுக்கப் போயிருந்தேன். தண்ணீர் மட்டம் பார்த்துக் கால்வாய் ஷட்டரைத் தானாகத் திறந்து மூடும் கருவி. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராத கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், யோசனை நன்றாகவே இருந்தது. திரையில் ஆறு பெட்டிகள், ஏழெட்டு அம்புக்குறிகள். பேட்டரியிலிருந்து கன்ட்ரோலருக்கு ஒன்று, சென்சாரிலிருந்து கன்ட்ரோலருக்கு ஒன்று, கன்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்கு ஒன்று. எல்லாம் ஒரே கறுப்புக் கோடு. மோட்டாருக்குப் போகிற கோட்டைக் காட்டி, "இதில் போவது கரண்டா, சிக்னலா?" என்று கேட்டேன். "ரெண்டும்தான் சார்" என்றாள் ஒரு மாணவி. "இல்ல சார், சிக்னல் மட்டும்" என்றான் பக்கத்தில் நின்றவன். மூன்றாமவன் மெதுவாக, நடுவில் ஒரு ரிலே (சிக்னலை வாங்கி கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) இருக்கிறது, படத்தில் போட இடமில்லை என்றான். மூன்று பேரும் ஒரே ப்ராஜெக்ட்!

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய கம்பெனிகளின் டிசைன் ரிவியூவிலும் இதே கறுப்புக் கோடுதான் ஓடுகிறது, ஸ்லைடு மட்டும் கொஞ்சம் பளபளப்பாக இருக்கும். ஒரு ராக்கெட் என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் பக்கத்து வலியமலையில் வடிவமைக்கிறார்கள், நம் மாவட்ட எல்லையை ஒட்டிய மகேந்திரகிரியில் எரித்துச் சோதிக்கிறார்கள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகிறார்கள். இத்தனை கை மாறுகிற வேலையில் ஒரு கோட்டுக்கு ஆளுக்கொரு அர்த்தம் இருந்தால் என்ன ஆகும்?

இந்தத் தலைவலிக்கு மருந்து தேடித்தான் 2001-ல் சிஸ்டம்ஸ் இன்ஜினியர்களின் சர்வதேச அமைப்பான இன்கோஸும், மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓஎம்ஜியும் கைகோத்தன. மென்பொருள்காரர்களிடம் 1997 முதலே யுஎம்எல் (UML) என்ற மாடலிங் மொழி இருந்தது. புதிதாக ஒன்றைச் செய்வதற்குப் பதில் அதையே நமக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். 2003-ல் முறைப்படி முன்மொழிவு கேட்டார்கள். நடுவில் குழு இரண்டாகப் பிரிந்து, இரண்டு வரைவுகள் போட்டி போட்டு, பிறகு ஒன்றாகி, 2006-ல் ஏற்கப்பட்டு, 2007-ல் சிஸ்எம்எல் 1.0 வெளிவந்தது. 'கமிட்டி போட்டாலே இப்படித்தான்' என்று சிரிக்கலாம். எனக்கு அந்தச் சண்டை பிடித்திருக்கிறது. ஒரு கோட்டுக்கு என்ன அர்த்தம் என்பதை அங்கே அடித்துப் பேசி முடிக்காவிட்டால், பிறகு ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் பதிப்பில் ஒன்பது வகை டயகிராம். தேவைகளுக்கு ஒன்று, கணக்குச் சமன்பாடுகளுக்கு ஒன்று என இரண்டு புதுசு. மற்றவை யுஎம்எல்லில் இருந்தவை, சில அப்படியே, சில திருத்தத்தோடு. பெட்டிக்குப் போர்ட், அதாவது இணைப்பு வாய், உண்டு, போர்ட் வழியே எது பாய்கிறது என்று சொல்ல வழியும் உண்டு. என் வைவா கேள்விக்குப் பதில் அன்றே இருந்தது. ஆனால் யுஎம்எல்லின் மேல் கட்டியதால் அதன் பாரமும் கூடவே வந்தது. ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் பம்பைப் பற்றிச் சொல்ல, மென்பொருள்காரனின் இலக்கணத்தைச் சுமக்க வேண்டியிருந்தது. ஒரு மாடலிங் டூலில் செய்த மாடலை இன்னொரு டூலுக்குக் கொண்டுபோனால் படம் கலைந்துவிடும், பாதித் தகவல் காணாமல் போகும். பொது மொழி என்று பெயர், ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பேச்சு வழக்கு. லைசென்ஸ் விலையோ நம்மூர்க் கல்லூரிகள் பக்கம் போக முடியாத விலை.

2017-ல் தொடங்கிய இரண்டாம் பதிப்பு வேலையில் யுஎம்எல்லைக் கழற்றிவிட்டார்கள். அடியில் கெர்எம்எல் என்று தனி அஸ்திவாரம், தர்க்க முறைப்படி அர்த்தம் வரையறுத்தது. அதன் மேல் படமும் எழுத்தும்.

எழுத்து ஏன் முக்கியம்? காற்றாலைகள் நிற்கிற ஆரல்வாய்மொழிக்குப் போவோம். கணவாய் வழியாக ஆடி மாதம் அடிக்கிற காற்று தெரியும்தானே. காற்றின் வேகம் நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டினால் காத்தாடி நின்றுவிட வேண்டும். பல காற்றாலைகளுக்கு வரம்பு இந்த அளவில்தான். இது ஒரு தேவை. இதை நிறைவேற்ற வேகம் அளக்கிற கருவி, கன்ட்ரோலர், இறக்கையைத் திருப்புகிற அமைப்பு, பிரேக் என நாலைந்து பாகங்கள். வேர்டு ஃபைலில் இந்த 25-ஐ யாராவது 28 ஆக்கினால் பிரேக் டிசைன் செய்தவருக்குச் சேதி போகுமா? அவருக்கு யாராவது போன் போட்டால்தான் உண்டு. மாடலில் அந்தத் தேவையும் பிரேக்கும் கட்டிப்போட்டிருக்கும். மாடல் எழுத்தாகவே இருந்தால், எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்பதை ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளில் பார்ப்பதுபோலப் பார்த்துவிடலாம். ஒரு படத்தின் இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் தேடியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சரி, மொழி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அப்படியும் சொல்ல மாட்டேன். 1999-ல் நாசாவின் செவ்வாய்க் கலம் தொலைந்த கதை எல்லோருக்கும் தெரியும்: விசைக் கணக்கில் ஒரு பக்கம் பவுண்டு, மறுபக்கம் நியூட்டன். பலருக்குத் தெரியாதது, நியூட்டன் கணக்கில்தான் தர வேண்டும் என்று இரு பக்கமும் எப்படித் தகவல் பரிமாற வேண்டும் என்று சொல்லும் இன்டர்ஃபேஸ் ஆவணத்தில் எழுதியே இருந்தது. மென்பொருள் அதைப் பின்பற்றவில்லை, தாளும் வாய் திறக்கவில்லை. புது சிஸ்எம்எல்லில் அளவுகளுக்கும் அலகுகளுக்கும் தனி நூலகம் உண்டு, பொருந்தாததைக் கட்டினால் டூலைக் கத்த வைக்கலாம். ஆனால் மாடலுக்கும் ஓடுகிற மென்பொருளுக்கும் தொடர்பு வைக்க வேண்டியது மனிதன்தான். அது இல்லையென்றால் மாடலும் இன்னொரு தாள்.

திருவனந்தபுரத்துக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருகிற நண்பர் ஒருவர், "கம்பெனி கேட்டால் அப்போது படித்துக்கொள்ளலாம் அண்ணே" என்கிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை. முதல் பதிப்பில் மாடல் குவித்து வைத்திருக்கும் கம்பெனிகள் மாறத்தான் வருடக்கணக்கில் ஆகும். அதற்காகவே பழையதைப் புதியதாக மாற்றும் விதிகளையும் தரத்தில் ஒரு பகுதியாக வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய மூட்டை கிடையாது. இரண்டாம் பதிப்பின் முன்னோட்ட டூல் திறந்த மூலமாகக் கிடைக்கிறது, பிரவுசரிலேயே ப்ரோகிராம் எழுதி ஓட்டும் ஜூப்பிட்டர் நோட்புக்கில் ஓடும், காசு வேண்டாம். தர ஆவணம் நூற்றுக்கணக்கான பக்கம், மிரட்டும்தான். முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. பாகம், போர்ட், இணைப்பு, தேவை என்ற நாலை மட்டும் பிடித்துக்கொண்டு இறுதியாண்டு ப்ராஜெக்டை எழுதிப் பார்க்கலாம்.

சிலபஸில் வரட்டும் என்று காத்திருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வைவாவுக்கு பவர்பாயிண்ட் பெட்டிகளோடு இந்த எழுத்தில் ஒரு பக்கமும் கட்டாயம் என்று சொல்லிப் பாருங்கள். விடுபட்ட ரிலே, மோட்டார் வாங்குவதற்கு முன்பே வெளியே வந்துவிடும்.