குளிசை போடுகிற உடம்புக்கு எத்தனை கிலோ இலக்கு?

"ஒரே மாதத்தில் எட்டுக் கிலோ குறைத்தேன்" என்று மெலிய முதல் ஒரு படமும் மெலிந்த பிறகு ஒரு படமும் போடுகிற தம்பிமார், தங்கச்சிமாருக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். அந்தப் பதிவுகளை வாசிக்கிறவர்களுக்குள் மனநலக் கிளினிக் கொப்பி வைத்திருக்கிறவர்களும் இருக்கிறோம். நானும் ஒருத்தி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒலன்சபின் போடுகிறேன்; மனநோய்க்கான குளிசை, நிறையையும் ஏற்றும். பிறஷர் குளிசை போடுகிற பெரியப்பா தன் குளிசையைப் பற்றிக் கல்லடிப் பாலத்துக்கு அங்காலும் இங்காலும் சொல்லித் திரிகிறார். நான் மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?

எங்களைப் போன்றவர்கள் நிறை குறைக்க இலக்கு வைக்கும்போது "பழைய நிறை" என்ற எண்ணைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. கல்யாண அல்பத்தில் இருக்கிற ஆள் வேறு, இந்த மருந்தோடு உயிர் வாழ்கிற ஆள் வேறு. எங்களுக்கு முதல் இலக்கு, ஏறுவதை நிறுத்துவது. அவ்வளவுதான். சில மாதம் முள் அசையாமல் நின்றால் அதுவே பெரிய வேலை. அதற்குப் பிறகு இப்போதுள்ள நிறையில் நூற்றுக்கு ஐந்து. 80 கிலோ என்றால் 4 கிலோ. "நாலு கிலோவா?" என்று கேட்பார்கள், கேட்கட்டும். அந்த அளவு குறைந்தாலே சீனிக்கும் பிறஷருக்கும் பலன் தெரியத் தொடங்கும் என்பது டொக்டர்மார் எல்லோரும் சொல்கிற கதை.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி ஏற்றுவதில்லை. ஒலன்சபினும் குளோசபினும் முன்னுக்கு நிற்கும். ரிஸ்பெரிடோனும் குவெட்டியபினும் நடுவில். அரிபிப்ரசோல், ஹலோபெரிடோல் குறைவு. மனச்சோர்வுக்குத் தருகிற மிர்டசபின், அமிட்ரிப்டிலின், பிறகு மனநிலையை நிலையாக வைக்கத் தருகிற லிதியம், வல்ப்ரோவேட், இவற்றாலும் ஏறும். வாய்க்கட்டுப்பாடு இல்லாததால்தான் ஏறுகிறது என்று சொல்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. மூளையில் ஹிஸ்டமின், செரோடோனின் என்ற இரசாயனங்களைப் பிடிக்கிற ஏற்பிகள் சிலவற்றை இந்த மருந்துகள் அடைக்கின்றன. வயிறு நிரம்பியது மூளைக்கு ஒழுங்காகத் தெரியவருவதில்லை. ஒரு கோப்பை சோறு சாப்பிட்டுக் கழுவின கை காய முதல் திரும்பப் பசிக்கும். சும்மா ஆசைப்பசி இல்லை, இரண்டு நாள் பட்டினி கிடந்தவனுக்கு வருகிற பசி. மேலே நித்திரை மயக்கம், ஆள் அசைய மாட்டோம். சில மருந்துக்கு வாய் காயும். மட்டக்களப்பு வெயிலில் வாய் காய்ந்தால் கை போவது கடைச் சோடாவுக்குத்தான். அதில் எத்தனை கரண்டி சீனி என்று யார் எண்ணுகிறார்கள்? நான் சோடாவை விட்டுத் தண்ணீர்ப் போத்தலோடு திரியத் தொடங்கியதில் கிடைத்த பலன், குரக்கனில் கிடைக்கவில்லை.

குரக்கனைப் பற்றி ஒரு சின்ன முறைப்பாடும் உண்டு. குரக்கன் புட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று எங்கள் வீடுகளில் ஒரு நம்பிக்கை. அதுவும் மாதான். அளவுதான் கணக்கு. தேங்காய்ப்பூவைக் கொட்டிக் கொட்டி அவித்துப்போட்டு, மேலே தயிரும் பாணியும் விட்டால் குரக்கன் என்ன செய்யும்? சூடை மீனும் கீரி மீனும் மலிவாக வருகிற கரையில் இருக்கிறோம். சோற்றைக் கொஞ்சம் குறைத்து மீனையும் கீரையையும் கூட்டுவதற்கு யாருடைய டயட் அட்டவணையும் தேவையில்லை. எனக்குக் கஷ்டம் இரவு பத்து மணிப் பசி. அதை வெல்லப் பார்ப்பதை விட்டுவிட்டேன்; அவித்த கடலையோ வெள்ளரிக்காயோ முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுவேன். பாண் பெட்டியை என் கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொல்லி வீட்டாரிடம் கேட்டிருக்கிறேன். மகன் சிரிப்பான், ஆனால் வைப்பான்.

வேகம் பற்றி ஒரு கணக்கு. அமெரிக்காவின் மேரிலாந்தில் கடுமையான மனநோய் உள்ள 291 பேரோடு ஒரு ஆய்வு நடந்தது, 2013இல் வெளிவந்தது. அதில் ஒரு குழுவுக்கு ஆலோசனையும், உடற்பயிற்சி வகுப்பும், ஒழுங்காக நிறை பார்ப்பதுமாக 18 மாதம். முடிவில் மற்றக் குழுவைவிட அவர்கள் சராசரியாக 3.2 கிலோ கூடக் குறைத்திருந்தார்கள். ஒன்றரை வருடத்துக்கு மூன்று கிலோ! வகுப்பும் ஆலோசகரும் வைத்துச் செய்தே அவ்வளவுதான் என்றால், பேருந்தில் கிளினிக்குக்குப் போய், மருந்துத் துண்டோடு வரிசையில் நின்று, பின்னேரம் வந்து சமைக்கிற ஆளிடம் மாதம் எட்டுக் கிலோ கேட்பது என்ன நியாயம்? எனக்குப் பிடித்தது இன்னொன்று. அந்த நிறை ஆரம்பத்தில் சட்டென்று இறங்கிப் பிறகு ஏறவில்லை. மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது.

"மருந்தை விட்டாத்தான் புள்ள மெலியலாம்" என்கிற மாமிமாருக்கு இனி வருகிறேன். அன்பில்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், குளிசையை அரைவாசியாக உடைத்துப் போடுகிறோம் என்று. டொக்டருக்குச் சொல்ல மாட்டார்கள். நித்திரை குழம்பும், வருத்தம் திரும்பும். உள்ளது தெரியாத டொக்டர் மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுவார். மெலிய வேண்டும் என்று தொடங்கியது, முந்தியதைவிடக் கூடின மருந்தில் போய் முடியும். ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்து வந்தவர்களுக்குத் தெரியும், அதன் விலை கிலோவில் வருவதில்லை.

அதற்காக "வருத்தம் மாறினாக் காணும், உடம்பு கிடக்கட்டும்" என்கிறவர்களையும் நான் ஏற்க மாட்டேன். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முந்தியே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதில் பெரும்பங்கு இதயநோய் போன்ற உடல் வருத்தங்கள். ஆகவே நிறையைக் கிளினிக்கில் கதைக்கத்தான் வேண்டும். டொக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், அவருக்கு முன்னால் வரிசை நீளம். பிரித்தானியாவின் வழிகாட்டி, சித்தப்பிரமைக்கான மருந்து தொடங்கினால் முதல் 6 வாரமும் வாராவாரம் நிறை பார்க்கச் சொல்கிறது, பிறகு 12ஆவது வாரம். காரணம், வேகமாக ஏறுவது முதல் மாதங்களில்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கொப்பியின் பின்பக்கத்தில் நீங்களே எழுதி வாருங்கள். ஏறிக்கொண்டு போனால் மருந்தை மாற்றலாமா, மெட்ஃபோர்மின் சேர்க்கலாமா என்று கேளுங்கள். மெட்ஃபோர்மின் சீனி வருத்தக் குளிசை என்றாலும், இந்த மருந்துகளால் ஏறும் நிறைக்கும் கொடுக்கிறார்கள். அதிசயம் நடக்காது, சில கிலோ பிடிக்கும். மருந்து மாற்றம் எல்லோருக்கும் சரிவராது. குளோசபினில் இருக்கிறவர் வேறு மருந்துகள் பலன் தராததால்தான் அதற்கு வந்திருப்பார், அவரிடம் "மாத்துங்க" என்று சொல்லாதீர்கள்.

லிதியம் போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை ஒரு ஜிம் மாஸ்டரும் சொல்லமாட்டார். உப்பைத் திடீரென்று குறைத்தாலும், தண்ணீர் குடிக்காமல் வியர்த்துக் கொட்டினாலும் இரத்தத்தில் லிதியம் ஏறும். சித்திரை வெயிலில் ஓட்டம், உப்பில்லாச் சாப்பாடு, வயிற்றாலே போக வைக்கிற "கழிவு நீக்கும்" தேத்தண்ணி, மூன்றும் சேர்ந்தால் ஆபத்து. நடக்கத் தொடங்கி முழங்கால் நோகிறது என்று பார்மசியில் டைக்குளோஃபெனாக் வாங்கிப் போட்டாலும் அதே கதை. கை கடுமையாக நடுங்கினால், சத்தி வந்தால், நாக்குக் குழறினால், நடை தடுமாறினால் கிளினிக் நாள் வரும்வரை இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறவர்களும் நோன்பு பிடிக்கிற சகோதரங்களும் முன்கூட்டியே டொக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நடை பற்றிச் சுருக்கமாக. "காலை ஐந்து மணிக்கு எழும்பி ஓடு" என்கிறவர் இரவு மருந்து போட்டுப் பார்க்காதவர். எட்டு மணிக்கும் எனக்குத் தலை பாரம் இறங்காது. வெயில் சாய்ந்த பிறகு கல்லடிக் கடற்கரை, இல்லாவிட்டால் வீட்டு முற்றம். தனியாக நடக்கிற பொம்பிளைக்கு வருகிற பார்வைகளும் தெருநாய்களும் எந்த உடற்பயிற்சி அட்டவணையிலும் இல்லை, எனவே மச்சாளையும் கூட்டிக்கொண்டு போவேன். கதைத்துக்கொண்டே நடப்பதால் தூரம் கூடுகிறது, ஊர்க்கதையும் கூடுகிறது.

தராசோடு மட்டும் நிற்காமல் அளவு நாடாவையும் எடுங்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வயிற்றில் கொழுப்புச் சேர்வதுதான் வில்லங்கம். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90, அதைத் தாண்டினால் கவனம் வேண்டும். உயரத்துக்கேற்ற நிறைக் குறியீடும் (BMI) ஆசியர்களுக்கு 23இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது, 25 அல்ல. நிறை அசையாத மாதங்களில் நாடா அரை அங்குலம் குறைத்துக் காட்டும். எனக்கு இந்த வருட இலக்கு அந்த நாடாவில்தான், கிலோவில் ஒன்றும் வைக்கவில்லை.

கடைசியாக, இந்தப் பதிவைப் பார்த்து இன்பொக்ஸில் மெலிகிற கோப்பியும் குளிசையும் விற்க வரப்போகிற சகோதரங்களுக்கு. சிபுட்ரமின் என்று ஒரு மருந்து இருந்தது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையை விட்டு எடுத்தார்கள். அதன் பிறகும் "மூலிகை" என்று விற்கிற மெலிவுப் பொருட்களுக்குள் அதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மனச்சோர்வுக் குளிசைகள் பலவற்றோடு அது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். பெட்டியில் எழுதாத ஒன்றை விழுங்கிவிட்டு, என்ன போட்டாய் என்று டொக்டர் கேட்டால் நான் எதைச் சொல்வது? தயவுசெய்து வராதீர்கள், புளொக் பண்ணுவேன்.